ஒரே ராத்திரியில் துவண்ட தக்காளி நாற்று

அன்பு மகளுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை கொல்லையில் நின்றவர்கள்: உன் அப்பா, சித்தப்பா, சித்தி, நான். கடவுள் புண்ணியத்தில் நால்வரும் சுகம், சுகமில்லாதது தக்காளி நாற்றுதான். நீ சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு முன் நிற்கிறேன்.

கொஞ்சம் குளிர் காட்டினால் நாற்று உறுதிப்படும் என்று போனில் அப்பாவிடம் சொன்னாயாம். சொன்னது சரி, யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? அரை மாத்திரை போடச் சொன்னால் இரண்டாகப் போடுகிற மனுஷர். சமையலறைக் கதகதப்பில் நான் பொத்திப் பொத்தி வளர்த்த தட்டுகளை அன்று ராத்திரியே வெளியே அடுக்கிவிட்டுக் குறட்டை விட்டார். விடிந்து பார்த்தால் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. மண் ஈரமாகத்தான் இருந்தது, அதன் மேலும் தண்ணீர் ஊற்றினார். வெயிலில் வைத்தால் எழுந்துவிடும் என்றார் சித்தப்பா, கூடவே "ஆராய்ச்சி பண்ற புள்ள யோசனை, வேற எப்படி இருக்கும்" என்று ஒரு குத்தல். "அவ சரியாத்தான் சொல்லியிருப்பா, கேட்ட காதுதான் கோளாறு" என்று வாயை அடைத்தேன். அங்கே உன்னை விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் இங்கே திட்டுகிறேன்.

செல்லைச் சுற்றிய சவ்வு கொழுப்பால் ஆனது, குளிரில் புட்டித் தேங்காயெண்ணெய் போல இறுகும், உள்ளிருக்கும் உப்பும் நீரும் கசியும், வேருக்கும் தண்ணீர் இழுக்கத் தெம்பிராது, இதெல்லாம் நீ சொல்லியும் புத்தகம் புரட்டியும் தெரிந்துகொண்டேன். நாளுக்குக் கொஞ்சமாகக் குளிர் காட்டினால் சவ்வு இளகிப் பழகிக்கொள்ளுமாம். அந்த நாளுக்குக் கொஞ்சம் என்பதை ஏனடி விழுங்கினாய்? குளிரில் அடிபட்ட இலையால் வெளிச்சத்தைச் செலவழிக்க முடியாது, வெயிலில் வைத்தால் வெறும் வாணலியைக் காயவிட்ட மாதிரி கருகும் என்று சண்டை போட்டு எல்லாவற்றையும் நிழலுக்குத் தூக்கி வந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

பாதிக்கு மேல் தண்டே குழைந்துவிட்டது. மிச்சத்தில் இலை போனாலும் நுனிக் குருத்து பச்சையாக நிற்கிறது. உள்ளே செல் பிழைத்திருக்கிறதா, பச்சை காட்டி ஏமாற்றுகிறதா, எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் பிடுங்கி மறுபடி விதைக்கப் போவதாக அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். இனி விதைத்தால் காய் பழுப்பதற்குள் அடுத்த குளிர் வந்துவிடும். இந்தக் கொல்லையை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்பது உனக்குத் தெரியாததல்ல. போனில் கேட்கலாமென்றால் அவர் பிடுங்கிக்கொண்டு தனக்கு வேண்டியதை மட்டும் காதில் போட்டுக்கொள்கிறார், நீயும் "பார்க்கலாம், சொல்ல முடியாது" என்கிறாய். அதனால்தான் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பிழைக்குமா, பிழைக்காதா, எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, முழுசாக எழுது. அப்பா, சித்தப்பா இருவர் முன்பும் உரக்கப் படிக்க வேண்டும். பிழைக்காது என்றாலும் எழுது, என் கையாலேயே பிடுங்கிப் போடுகிறேன்.

கடவுள் உனக்குத் துணையிருப்பார். அங்கே குளிர் குறைகிறது என்று ஒரே நாளில் கம்பளியைக் கழற்றாதே.

உன் அம்மா

சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.