பாய் இருந்த கொட்டாய்

தை 9, செவ்வாய்

கடும் பனி. அவரைப் பூ முழுக்கக் கருகிவிட்டது. விடியலில் போலீஸ் வந்து என் சின்ன மகன் மாதுவைப் பிடித்துப் போனது. கூலி கேட்டுக் கூட்டம் போட்டதற்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் தானியம் கொட்டி மூடுகிற ராகிக் குழி வெற்றாய்க் கிடந்தது; அதில் ஒளித்து மேலே வைக்கோல் போட்டு வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுக் குந்தியிருக்கிற போலீஸ் கூட்டம். பிள்ளைகள் படித்த இடத்தில் என் கோழியை உரித்துத் தின்கிறது. மாதுவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தை 10, புதன்

காட்டிக் கொடுத்தவனை ஊர்ப் பயல்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். மாரண்டஹள்ளி பாஷா பாய். வருஷா வருஷம் புளிக் குத்தகைக்கு மரம் பார்க்க வருகிறவர். அண்ணாந்து பார்த்து விரல்விட்டு எண்ணினாராம். வூடு எண்ணினார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என்ன மூளை.

கையைக் கட்டி என் மாட்டுக் கொட்டாயில் அடைத்தார்கள். பூட்டு என்னிடம்தான் இருக்கிறது. முன்னால் நின்று குதித்தவன் மு., கொழுந்தன் மகன். முழுப்பேர் எழுதக் கை கூசுகிறது. இவன் அப்பன் கிணற்று வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னவன்.

"நாளைக்குப் பொழுது சாஞ்சதும் மலைக்கு இட்டுக்கினு போயி முடிச்சிரலாம்" என்கிறான்.

பாய்க்குக் களி கொடுத்தேன். அழுதார்.

"ஆத்தா, எனக்கு மரத்தத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க."

என் மரத்துப் புளியைப் போன வருஷம் பூச்சிப்புளி என்றவர். அதையும் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் கீரை ஊற்றினேன்.

தை 11, வியாழன்

சாணி வழிக்கும்போது உறைத்தது. போலீஸ் வூட்டுக்குள் எட்டியே பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் வைக்கோலை விலக்கியது. ராகிக் குழி இருக்குமிடம் வெளி ஆளுக்குக் காட்டுகிற வழக்கம் இல்லை. அதுவும் இது ஐப்பசியில் வெட்டிய புதுக்குழி.

பூட்டைத் திறந்து பாயை வெளியே விட்டேன். மு. ஓடி வந்தான்.

"ஆரைக் கேட்டுத் தொறந்தீங்க பெரிம்மா?"

ஊரே நின்றது.

"அந்தக் குழிய எனக்கு வெட்டிக் குடுத்தது ஆருடா?" என்றேன்.

வெட்டியவன் அவன் ஒருவன்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நழுவப் பார்த்தான்.

பாய் பஸ் ஏறிவிட்டார். என் மரத்தைப் பார்க்கவே இல்லை. மு.வை அதே கொட்டாயில் தள்ளினார்கள். போலீஸ் தேடி வருமோ என்று ஒருவன் பயந்தான். வேலை முடிந்த ஆளை எவன் தேடுவான்.

மலைக்குக் கொண்டுபோகச் சாவி கேட்டார்கள். கொடுக்கவில்லை. மாது உயிரோடு வரட்டும். இவன் முகத்தைப் பார்த்து அவன் சொல்லட்டும்.

அதுவரைக்கும் ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமா என்றாள் மருமகள். தண்ணீர் கொடு என்றேன். களி பாய்க்குப் போட்டதோடு சரி.