கெட்ட அடியைப் பார்க்காதவன்

பிட்காரோ,
11 ஜூன் 1974

அன்புள்ள மச்சான் ஆர்ச்சிக்கு,

இங்கே நானும் உன் தங்கை நெட்டாவும் சுகம். டண்டீ ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை என்று நெட்டா வந்து சொன்னாள். என் கடை சாஸேஜ் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். நர்ஸுக்கு இரண்டு கொடு, உனக்கும் சேர்த்துப் பொரித்துத் தருவாள்.

சனிக்கிழமை கோல்ஃப் பந்தயம் பதினான்காம் குழியோடு நின்றுபோனது. பந்து உன் கண்ணில் பட்ட பிறகு யார் ஆடுவார்கள்? அதுவரை நாம் ஒரு குழி முன்னிலை. எதிரணியினர் கோப்பையை நமக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள், நல்ல மனுஷர்கள்.

நீ படுத்துக்கொண்டு அதையே நினைத்து உழப்பிக்கொண்டிருப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? ஓர் அடி கோணினால் மட்டையை முழங்காலில் வைத்து ஒடிக்கிற ஆள் நீ. பத்தொன்பது வருஷமாக நான் ஓதுவதையே இப்போதும் ஓதுகிறேன். கெட்ட அடியைப் பார்க்காதே. தலையைக் குனி, பத்து எண்ணு, அடுத்த அடிக்கு நட. பார்த்தால் அது மண்டைக்குள் குடியேறிவிடும்.

ஜோடி ஆட்டத்தில் கூட்டாளியிடம் மன்னிப்புக் கேட்பது நம் ஊர் வழக்கமில்லை. அதனால் அதையெல்லாம் எழுதி உன்னைச் சங்கடப்படுத்தப் போவதில்லை. சீக்கிரம் எழுந்து வா.

உன் ஹெக்டர்

-

டண்டீ,
19 ஜூன் 1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சாஸேஜ் வந்தது. நர்ஸ் நான்கு எடுத்துக்கொண்டாள். உன் கணக்கு இந்த ஊரில் செல்லாது போல.

இடது கண்ணை வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டார்கள். நெட்டாவிடம் பக்குவமாகச் சொல். டாக்டர் சின்னப் பையன். "கண்ணாடிக் கண் வச்சா வித்தியாசமே தெரியாது சார்" என்றான். "பாக்குறவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே தம்பி" என்றேன். நேற்று டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினேன். தூரம் பிடிபடவில்லை. முப்பது வருஷம் ஊர்க் கூரைகளில் பலகைக்கல் பதித்தவன் இனி ஏணியில் ஏறக்கூடாதாம். ஆஸ்பத்திரி விட்டதும் மகள் ஐலீன் பெர்த்துக்குக் கூட்டிப் போகிறாள்.

உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. நீ அடிக்க, அதே பந்தை அடுத்து அடிக்க வேண்டிய நான் வழக்கம்போல் முன்னால் போய்த் தயாராக நின்றேன். பந்து கோணிக்கொண்டு ஆள் நிற்கும் பக்கம் போனால், "ஃபோர்!" என்று எச்சரித்துக் குரல் கொடுக்காமல் இருக்க மாட்டான் நம் ஊரில் பிறந்தவன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீ கத்தினாயா, ஹெக்டர்?

அடி கோணுவது யாருக்கும் நடக்கும். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது.

ஆர்ச்சி

-

பிட்காரோ,
26 ஜூன் 1974

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கண்டேன். நெட்டா இரண்டு நாள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. எனக்கும் கை ஓடவில்லை.

கத்தினேன், ஆர்ச்சி. இரண்டு முறை கத்தினேன். அன்றைக்குக் காற்று கடலிலிருந்து எப்படி அடித்தது என்று உனக்கே தெரியும். குரலை அள்ளிக்கொண்டு போய்விட்டது. என்னோடு நின்ற எதிரணி பீட்ரி பைக்குள் தலையை விட்டுப் பந்து தேடிக்கொண்டிருந்தான், அவனுக்கும் சரியாகக் கேட்கவில்லையாம். உனக்கும் அந்தப் பக்கக் காது கொஞ்சம் மந்தம் என்று நெட்டாவே சொல்வாள்.

சனிக்கிழமைகளில் கடையை விட்டு அசைய முடியவில்லை, அதனால்தான் வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பழையதைத் தோண்டாமல் முன்னால் பார். கிளப் செயலாளர் மெல்வில் உன்னை ரொம்ப விசாரித்தார்.

உன் ஹெக்டர்

-

பெர்த்,
8 ஜூலை 1974

அன்புள்ள ஹெக்டருக்கு,

நீ கத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். சரி.

மெல்வில் எனக்கும் எழுதியிருந்தார். காயம் பட்டால் கமிட்டி விசாரித்துக் குறித்துவைக்க வேண்டுமாம். எச்சரிக்கை கொடுக்காமல் அடித்தவனை ஆயுளுக்கும் கிளப்பை விட்டு எடுத்துவிடுவார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். ஹெக்டர் இரண்டு முறை கத்தியது என் காதில் நன்றாக விழுந்தது, நான்தான் அசட்டையாக நகராமல் நின்றேன், தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உனக்கு இனி ஒரு வில்லங்கமும் இல்லை.

நெட்டா சனிக்கிழமை வந்திருந்தாள். அவளை இறக்கிவிட்டுத் தெருமுனையில் காருக்குள்ளேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாயாமே? ஐலீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "மாமாவுக்கு நம்ம வீட்டு டீ இறங்காதாப்பா?" என்று கேட்டாள். கடையில் வேலை அதிகம் என்றேன். சிரித்துவிட்டாள்.

வந்தால் உட்கார நாற்காலி இருக்கிறது.

ஆர்ச்சி

-

பிட்காரோ,
2 மார்ச் 1975

ஆர்ச்சி மச்சான்,

எட்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். எழுத முகம் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஜூலைக் கூட்டத்தில் மெல்வில் உன் கடிதத்தை உரக்கப் படித்தார். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "பாவம்யா நீ, எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பே" என்றார். நான் தலையாட்டினேன். கத்தாத குரல் உன் காதில் எப்படி விழுந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. நான் பொய் சொன்னது உனக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தே என்னைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு என் ஆட்டம் நாசமாய்ப் போனது. யார் மண்டை கலங்கினாலும் ஹெக்டர் மண்டை கலங்காது என்பார்களே, இப்போது பந்து நேராகப் போனால்கூட "ஃபோர்!" என்று கத்துகிறேன். முன்னால் ஈ காக்கை இல்லை, நான் கத்துகிறேன். முதலில் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை. ஜோடி சேர ஆள் வருவதில்லை.

போன மாதம் மெல்வில் என்னைப் பேசக் கூப்பிட்டார். கெட்ட அடிக்குப் பிறகு மனதை எப்படித் திருப்புவது என்று உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். எனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. போனேன், பேசினேன். கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். "உங்க மச்சானுக்கு அப்படி ஆச்சே, அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க? அதையும் சொல்லுங்க, எங்களுக்கு உதவும்" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவருக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். மட்டை திரும்பியது கையிலேயே தெரிந்தது. கெட்ட அடி என்று தெரிந்தது. தலையைக் குனிந்தேன். பந்தை நிறுத்திவைக்கும் மரக்குச்சி தரையில் கிடந்தது, அதைப் பொறுக்கினேன். எண்ண ஆரம்பித்தேன். ஏழு எண்ணும்போது பீட்ரி அலறினான், நிமிர்ந்து பார்த்தபோது நீ மண்டி போட்டிருந்தாய். பந்து எங்கே போகிறது என்று நான் பார்க்கவே இல்லை, ஆர்ச்சி. கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த அடியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை மன்னித்துவிடு. வழக்கமாவது மண்ணாவது. மெல்வில்லிடமும் நாளைக்கே எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். சனிக்கிழமை நெட்டாவோடு உன் வீட்டுக்குள் வரலாமா? ஒரு வரி எழுது.

ஹெக்டர்

-

பெர்த்,
10 மார்ச் 1975

ஹெக்டருக்கு,

நீ எழுதிய ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மேகம் சாம்பலாக இருந்தது, பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட நாளில் அடித்தவன் முகத்தைத்தான் பார்ப்போம். அவன் பார்வை போகிற பக்கம் பந்து வருகிறது என்று விலகிக்கொள்வோம். உன் முகத்தைத் தேடினேன். உன் தொப்பியின் உச்சிதான் தெரிந்தது. நீ தலை குனிந்தால் கெட்ட அடி என்று எனக்கு அர்த்தம். எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. நீ நிமிர்வாய் என்று காத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அந்தக் கண் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

கத்தினாயா என்று ஜூனில் நான் கேட்டது தெரிந்துகொள்வதற்கு அல்ல. நீயாகச் சொல்லட்டும் என்றுதான் கேட்டேன். எனக்குக் காது மந்தம் என்று பதில் எழுதினாய். சரி, பயந்துவிட்டான், நெட்டாவின் புருஷன், கிளப்பை விட்டுத் துரத்தினால் செத்துவிடுவான் என்று நினைத்துக் கமிட்டிக்குப் பொய் எழுதிக் கொடுத்தேன். அது உன்னை ஒரு வாரத்தில் குத்தும், ஓடி வருவாய் என்று நம்பினேன். வந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், பிறகு இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐலீனை இன்னொரு தட்டு வைக்கச் சொன்னேன். அக்டோபர் வரை வைத்தாள். பிறகு நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கண் போனதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அந்தத் தட்டை விட முடியவில்லை.

மெல்வில்லிடம் நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அவர் கேட்டால், நான் எழுதிக் கொடுத்தது பொய்தான் என்று ஒப்புக்கொள்வேன்.

நெட்டா எப்போதும்போல் சனிக்கிழமை வரட்டும். பெர்த்துக்குப் பத்து மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதில் அவளைத் தனியாக ஏற்றி அனுப்பு.

ஆர்ச்சிபால்ட் லம்ஸ்டன்