கொழுப்பு யாருக்கு அதிகம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நாலு மாடும் ஒரு கன்றும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதை நான் எங்கே நம்புகிறேன். போன தடவை போனில் பேசும்போது உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. தூக்கம் சரியில்லை என்றாய். டீயில் பால் விடுவதை நிறுத்திவிட்டேன், பால் வாசனையே குமட்டுகிறது என்றாய். பால் விற்ற காசில் படித்த பெண்ணுக்குப் பால் குமட்டுகிறதாம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் ஊரில் பவுடரைக் கரைத்துப் பாக்கெட்டில் அடைத்து விற்பார்கள், வெளுத்ததெல்லாம் பாலில்லை, கடையை மாற்றிப் பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். போனில் பேசினால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கொட்டகையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அட்டை வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் மாமாவோடு நான் பேசாமல் இருந்த கதையை அப்பா சொல்லியிருப்பார், அவர் வாயில் எதுவும் தங்காது. இருந்தாலும் அவர் சொன்னது அவர் பக்கத்துக் கதை, என் பக்கத்தையும் கேள். பால் சங்கத்தில் பாலைப் பரிசோதித்துக் கொழுப்பு எண் போடுவது உன் மாமாதான் என்பது உனக்குத் தெரியும். நமக்கு எப்போதும் கொழுப்பு நாலுக்குக் குறைந்ததில்லை. இப்போது நாலு மாட்டில் கன்று போட்டது மட்டும்தான் கறக்கிறது, மற்றவை வற்றிவிட்டன; இந்தக் கன்று பிறந்ததற்கு அப்புறம் ஒரு நாள் மூணரை என்றான், பிறகு மூணு புள்ளி ரெண்டு என்றான், அதிலேயே நின்றுவிட்டான். அடிப்படை விலையும் அதே சமயத்தில் இறங்கியது. இரண்டும் ஒன்றாக இறங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வரிசையில் இத்தனை பேர் நிற்கும்போது, அக்கா, உங்க பால்ல கொழுப்பு கம்மியாப் போச்சு என்றான். தூக்கி வளர்த்த தம்பி ஊர் நடுவில் இப்படிச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா, எனக்குக் கம்மியானதெல்லாம் உனக்குத்தாண்டா ஏறியிருக்கு என்று கேட்டுவிட்டேன். வரிசையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை, மாட்டைக் கடைசி வரைக்கும் கறக்கறீங்களா என்று மெதுவாகக் கேட்டான். நமக்குக் கறக்கத் தெரியாது என்று குத்திக் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா, இல்லை. நம் கேனில் இருந்த பாலிலேயே கொஞ்சத்தைப் பக்கத்து வீட்டுத் தையல்காரியின் தூக்குவாளியில் ஊற்றி அவள் பெயரில் கொடுக்கச் சொன்னேன், மிச்சத்தை நான் கொண்டு போனேன். ஒரே மாட்டின் பால், ஒரே வேளை. அவளுக்கு நாலுக்கு மேல், எனக்கு மூணுக்குக் கீழே! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். அவன் கோபப்படாமல், பாலைக் கலக்கிட்டு ஊத்தினீங்களா, மேலாப்புல இருந்து ஊத்தினீங்களா என்று கேட்டான். அவன் மாதிரி எடுக்கும் முன் நீளக் கரண்டியால் கேனை அடி வரைக்கும் கலக்குவதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நேரமாக நேரமாகக் கொழுப்பு மேலே ஏறி நிற்குமாம். அந்த ஏட்டை அவளுக்கு ஊற்றிவிட்டு அடியை நான் கொண்டு போயிருக்கிறேன். எனக்கு மடியில கனமில்லக்கா, எந்த மெஷின்ல வேணாலும் போட்டுப் பாத்துக்கோங்க என்றான். மெஷின் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன். தோற்றாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது அல்லவா, எனக்கு மீசை இல்லை என்றாலும்.

அந்த நேரம் பார்த்துத் தனியார் கம்பெனிக்குப் பால் வாங்கும் வேன்காரன் வந்து சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, இனிக்க இனிக்கப் பேச்சு. கொழுப்பும் பார்க்க மாட்டானாம், சத்தும் பார்க்க மாட்டானாம், லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரே விலை, அதுவும் சங்கத்தைவிட அதிகம், வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்வானாம். உங்க கஷ்டத்தைப் பாத்தா எனக்கு மனசு கேக்கலம்மா என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கு அப்போதே ஞாபகம் வந்தது, ஆனால் தம்பி மேல் இருந்த கோபத்தில் ஓநாய்க்குக் குடை பிடித்தேன். முதலில் கொஞ்ச நாள் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் ஒரு வருஷத்துக்கு எனக்கு மட்டும்தான் தருவோம் என்று கையெழுத்துப் போடுங்கள், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தாளோடு வருகிறேன் என்றான். நம் தெருவில் பாதிப் பேர் போட்டுவிட்டார்கள். நானும் போட்டால் சங்கத்தில் சேரும் பால் குளிரூட்டும் தொட்டியை ஓட்டவே காணாது, மூட வேண்டியதுதான், உன் மாமா வேலையும் போகும். அது தெரிந்துதான் வேனுக்குப் பால் கொடுத்தேன் என்றால் நீ என்ன நினைப்பாயோ, ஆனால் தெரிந்துதான் கொடுத்தேன்.

ஒரு வாரம் வேன் வந்தது. நீர் விட்ட பாலையும் நம் பாலையும் ஒரே டிரம்மில் கொட்டினான். எல்லாருக்கும் ஒரே விலை என்றால் நல்ல பால் ஊற்றுகிறவன்தானே ஏமாளி. அப்புறம் ஒரு நாள் காலையில் வேன் வரவில்லை. போன் செய்தால், இன்னிக்குப் பால் அதிகமாயிடுச்சும்மா, பவுடர் ஃபேக்டரியில எடுக்க மாட்டேங்கறாங்க, நாளைக்குப் பாப்போம் என்கிறான். மாட்டுக்கு நாளை என்று சொல்ல முடியுமா? கேன் வாசலில் நிற்கிறது, வெயில் ஏறுகிறது, சாயங்காலம் மறுபடி கறந்தாக வேண்டும். மடியில் கனம் மாட்டுக்கு, வழியில் பயம் எனக்கு. பாலைச் சாக்கடையில் கொட்டுவதா, தம்பி வாசலில் போய் நிற்பதா என்று யோசித்தேன். கொட்டக் கை வரவில்லை.

போனேன். சங்கத்தில் வரிசையே இல்லை, கதவைப் பாதி சாத்திவிட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான். கரண்டியை எடுத்துக் கலக்கினான், மாதிரி எடுத்தான், மெஷினில் வைத்தான். இப்போது மட்டும் நாலு என்று சொல்லட்டும், என்னைத் திரும்ப இழுக்கத்தான் ஏற்றிச் சொல்கிறான், முன்னே குறைத்ததும் பொய்தான் என்று தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். மூணு புள்ளி ரெண்டுக்கா என்றான். போகிற ஆளைப் பிடித்து வைக்க ஒரு சின்னப் பொய் போதும், அதைக்கூடச் சொல்லவில்லை பார், அந்த இடத்தில்தான் எனக்கு அவன் மேல் நம்பிக்கை வந்தது. அழுகையும் வந்தது, அவனிடம் காட்டவில்லை.

பிறகு அந்த ஈரத் தரையிலேயே ஆளுக்கொரு கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். பால் விலை எங்கிருந்து வருகிறது என்று முதல் தடவையாகக் கேட்டேன். நாம் விற்பது லிட்டர் இல்லையாம், அதற்குள் இருக்கும் கொழுப்பும் கொழுப்பு போக மிச்சமிருக்கும் சத்தும்தானாம், தண்ணீரை யாரும் விலைக்கு வாங்குவதில்லையாம். குடித்தது போக மிஞ்சும் பால் வெண்ணெயாகவும் பவுடராகவும் போகிறது, எங்கேயோ கடல் தாண்டி பவுடர் குவிந்து விலை சரிந்தால் இங்கே நம் அடிப்படை விலையும் சரிகிறது. பச்சைப் புல் மண்டிக் கிடக்கும் மாதத்தில் எல்லா வீட்டிலும் பால் பெருகும், அப்போது வேன்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், சங்கம் நம்முடையது என்பதால் விலை குறைந்தாலும் கொண்டு வந்ததை எடுத்தே ஆக வேண்டும். இப்ப அதிகமாக் குடுக்கறதெல்லாம் நாங்க மூடுற வரைக்கும்தான்க்கா, அப்புறம் அவன் வைக்கிறதுதான் விலை என்றான். எல்லாம் சரி, நமக்குக் குறையும்போது கடையில் பாக்கெட் விலை மட்டும் ஏன் குறையவில்லை என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான், அதுதான் எனக்கும் தெரியலக்கா என்றான். அந்தச் சந்தேகத்தை நான் இன்னும் விடவில்லை, உன் ஊரில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டு எழுது.

பவுடர் விலை சரிந்தால் அடிப்படை விலைதான் குறையும், நம் மாட்டுக் கொழுப்பு ஏன் குறைய வேண்டும் என்று கேட்டேன். அவன் மறுபடி அதே கேள்வியைக் கேட்டான், கடைசி வரைக்கும் கறக்கறீங்களா. முதலில் வருவது மெல்லிய பாலாம், மடி வற்றும்போது வரும் கடைசிப் பால்தான் கொழுப்பாம். காலையும் மாலையும் கறப்பது உன் அப்பா, நான் அந்த நேரம் அடுப்படியில் இருப்பேன். மறுநாள் காலை கொட்டகைத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். பார்க்கிறேன், மனுஷர் முக்கால்வாசி கறந்ததும் நிறுத்தினார், சுற்றுமுற்றும் பார்த்தார், கன்றை அவிழ்த்துவிட்டார். அது ஓடி வந்து முட்டி முட்டிக் குடிக்கிறது, வாலைப் பார்க்க வேண்டுமே, இவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, குடி குடி, உங்க அக்கா சொல்லிட்டா என்கிறார். இத்தனை நாள் நம் வீட்டுக் கொழுப்பெல்லாம் இங்கேதான் போயிருக்கிறது! பிடித்துக் கேட்டேன். நீதான் சொன்னாயாம். கன்று பிறந்து நிற்க முடியாமல் கிடந்தபோது போனில், அதுக்கு நல்ல பாலாக் குடுங்கப்பா, அம்மாகிட்ட சொல்லாதீங்க, திட்டுவாங்க என்றாயாம். எதுவும் தங்காத வாயில் இது மட்டும் தங்கியிருக்கிறது. தம்பி, தையல்காரி, வேன்காரன், பவுடர் என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், திருடி எத்தனையோ மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேன்காரன் தாளோடு வந்தான். பால் பெருகின நாளிலும் எடுத்துக்கொள்வேன் என்று இதில் ஒரு வரி எழுது, போடுகிறேன் என்றேன். அதெல்லாம் நம்பிக்கைதாம்மா என்றான். நம்பிக்கையாம், என்னிடம் வந்து சொல்கிறான்! தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது பால் சங்கத்துக்கே போகிறது, தையல்காரியும் இன்னும் இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள், தொட்டி ஓடுகிறது. கன்று தீவனம் கடிக்கும் வரைக்கும் கடைசிப் பால் அதற்குத்தான் என்று நானே சொல்லிவிட்டேன். மூணு புள்ளி ரெண்டு என்று மாமா உரக்கச் சொல்லும்போது வரிசையில் நான்தான் முதலில் சிரிக்கிறேன்.

ஆனால் என் புத்தி உனக்குத் தெரியுமே, ஒரு சந்தேகம் தீர்ந்தால் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்ளும். கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்காத பெண், சாணி வாசனைக்கு மூக்கைப் பொத்தின பெண், இந்தக் கன்றைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு விசாரித்தாள்? போட்டதும் எப்போது நிற்கும், தாய்க்கு ரொம்ப வலித்திருக்குமா என்றெல்லாம் அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். தூக்கம் சரியில்லை. குரல் கிணற்றுக்குள். பால் வாசனை குமட்டுகிறது. நான் ஒரு முட்டாள், பாலைச் சந்தேகப்பட்டுக் கடையை மாற்றச் சொன்னேன்.

இதற்கு மேல் எழுத்து கோணினால் வாளியைக் குற்றம் சொல்லாதே. கனமானதைத் தூக்காதே. வெறும் வயிற்றோடு எழுந்து நிற்காதே. பால் பிடிக்கவில்லை என்றால் விடு, பிடிக்கிறதைச் சாப்பிடு. மாப்பிள்ளைக்குத் தெரியுமா, தெரிந்தும் அவரும் கூட்டா என்று கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும், இருந்தால் மூன்று பேரும், ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஆமாம் என்றால் ஒரு வார்த்தை எழுது, நானும் அப்பாவும் அடுத்த வண்டியில் வருகிறோம், கறக்க உன் மாமா ஒத்துக்கொண்டிருக்கிறான். இல்லை என்று மட்டும் எழுதாதே, நான் நம்ப மாட்டேன்.

எதையும் நம்பாத,
உன் அம்மா