பிளக்கைப் பிடுங்கும் வேலை

அம்மாவுக்கு, கெதின் அன்போடு எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்க மாட்டாய்.

காசு போட்டால் பழப்படங்கள் சுழலும் சூதாட்டப் பெட்டிகளைப் பழுதுபார்க்கத்தானே இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தேன்? அந்தப் பெட்டிகளுக்கு வரியை ஏற்றிவிட்டார்கள். பெட்டி சம்பாதித்தாலும் சும்மா நின்றாலும் ஒவ்வொன்றுக்கும் கட்டியாக வேண்டும். அதனால் வரும்படி குறைந்த மதுக்கடைகளிலிருந்து என் முதலாளி கிராப்ட்ரீ பெட்டிகளை எடுத்து விற்கிறார்.

செவ்வாயன்று ஈனிட் அம்மாளின் மதுக்கடைப் பெட்டியில் சிக்கியிருந்த உருளையைச் சரிசெய்தேன். அருமையாகச் சுழன்றது. உடனே பிளக்கைப் பிடுங்கினேன்.

"கெட்டுக் கெடந்தப்போ எட்டிப் பாக்கல. ஓட வெச்சுட்டுத் தூக்கிட்டுப் போறியே, உனக்கே நியாயமா தம்பி?" என்றார் ஈனிட்.

"ஓடினாத்தாம்மா விலை போகும்."

"அந்தப் பெட்டிக் காசுலதான் கடை வாடகை கட்டினேன். என்னையும் வண்டில ஏத்திக்கோ!"

குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். தினமும் அதில் விளையாடும் வில்ஃப் கிழவர் மட்டும் பெட்டி இருந்த இடத்தில், நிறம் மங்காத கம்பளச் சதுரத்தின்மேல், கோப்பையோடு நின்றார். "இனிமே நான் எங்கப்பா நிக்கிறது?" என்றார்.

இன்னும் நாலு கடைகள்தான் பாக்கி. அப்புறம் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் கிராப்ட்ரீ. கவலைப்படாதே.

கம்பளிக் காலுறை அனுப்பு. என் பழைய ரேடியோவையும் அனுப்பு; அறையில் சத்தமே இல்லை. பெட்டிகளை ஏற்றும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். பழுது வேலைக்கென்று போன கடிதத்தில் கேட்ட சாலிடரிங் அயர்னை மட்டும் அனுப்பாதே.

உன் மகன்,
கெதின்