உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்

அப்பா,

கம்ப்யூட்டரைப் போட்டு ஐந்து நிமிடம் ஆனால் போதும், அதன் முதுகுப் பக்கத்திலிருந்து ஸ்டோர் வாசனை வர ஆரம்பிக்கிறது. ஃபாக்டரியில் வறுபட்ட தேயிலையின் வாசனை. சூடாக, கொஞ்சம் இனிப்பாக. ஸ்டோரில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் இதன் முன்னால் உட்காருவீர்களே, அந்தச் சட்டையிலிருந்து உதிர்ந்த தேயிலைத் தூள் உள்ளே போய் விசிறியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. பெட்டி சூடாகும்போது அந்தத் தூளும் சூடாகிறது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. வாசனைக்கு அது தெரியவில்லை.

இதைக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். லைட்டைப் போடவில்லை, திரையின் நீல வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது. டிங் என்று ஒரு சத்தம் வந்தாலும் அம்மா எழுந்துவிடுவார் என்று ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அம்மாவின் கட்டில் மூன்றடி தூரத்தில் இருக்கிறது. நடுவில் நீங்கள் கம்பி இழுத்துக் கட்டிய சேலைத் திரை மட்டும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

விடிந்தால் நுவரெலியாவிலிருந்து மாமா வந்து கம்ப்யூட்டரைக் கொண்டுபோகிறார். அம்மாதான் வரச்சொன்னார். "அந்தச் சனியனத் தொடாத புள்ள. அந்த மனுசன் தூங்க வேண்டிய நேரத்தையெல்லாம் அதுதான் தின்னுச்சி" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்டோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்ததற்கு யாரையாவது திட்ட வேண்டும் அம்மாவுக்கு. இது திருப்பித் திட்டாது.

மாமா போனில் சொன்னார், "நம்ம கடைக்கு ஆகும்க்கா. உள்ள இருக்கிறத பூரா அழிச்சிட்டு, புதுசாக்கி வச்சிக்கிறேன்."

நான் போனை வாங்கி, "அதுல அப்பாவோட ஃபோல்டர் ஒன்னு இருக்கு மாமா" என்றேன்.

"தொறந்து பாத்தியா?"

"தொறக்க முடியல."

"தொறக்கவே முடியாட்டி அது இருந்தா என்னா, இல்லாட்டி என்னா?" என்று சிரித்தார். கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த ஃபோல்டரின் பெயர் 'வீடு'. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரே பதில்தான்: இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

கம்ப்யூட்டர் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்காரர், நாம் எல்லோரும் நானா என்று கூப்பிடுபவர், பழையது ஒன்றைத் திருத்தி ஆட்டோவில் கொண்டுவந்தார். பனி பெய்துகொண்டிருந்தது. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்றார்கள். நானா உங்களுக்கு ஒரு கணக்கும் எனக்கு ஒரு கணக்கும் திறந்தார். "புள்ளைங்க கை வச்சா ரெண்டே நாள்ல மண்டையப் போட்டுரும். பெரிய அதிகாரமெல்லாம் உங்க பேர்ல இருக்கட்டும்" என்றார். பிறகு திரையில் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். ஓனர் என்ற இடத்துக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது.

"ஓனருன்னா?"

"சொந்தக்காரருண்டு அர்த்தம்."

"என்னையவா சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தை அப்படி நான் முன்னால் பார்த்ததில்லை. தேரில் சாமி வந்து நம் லயத்துக்கு முன்னால் நிற்கும்போதுகூட இல்லை.

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. நாம் இருக்கிற இந்த ஒற்றை அறைக் காம்பரா தோட்டத்துடையது. கூரைத் தகரம் தோட்டத்துடையது. குசினியைப் பின்னால் நான்கடி இழுத்துக் கட்டி, இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு மேசை போடுவதற்குத் தோட்டத்தை நடத்தும் தொரைக்குக் கடிதம் எழுதினோமே, நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற இடத்தில் "அந்தப் பணிவுடனைக் கொஞ்சம் பெருசா எழுது புள்ள" என்றீர்கள். மூன்று கடிதம். மூன்று தடவை ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் காலை ஆறு மணிக்குத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பார்ப்போம் என்று மூன்று தடவையும் சொன்னார்கள். மேசை வரவே இல்லை. கம்ப்யூட்டர் இன்னும் அம்மாவின் தையல் மெஷின் பலகை மேல்தான் இருக்கிறது.

அதனால்தான் அந்த விளையாட்டை ஆரம்பித்தீர்களோ என்னவோ. என் கணக்கில் எதையும் புதிதாகப் போட முடியாது, உங்கள் கடவுச்சொல் வேண்டும். நான் கேட்டால் சும்மா போட்டுத் தரமாட்டீர்கள். எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பெரட்டில் பேர் பதியும் கண்டாக்கையா மாதிரி நடப்பீர்கள்.

"என்னா விசயம்?"

"ஐயா, படம் வரையிற ஒன்னு போடணும்ங்க ஐயா."

"பேரு?"

"உங்க மகதாங்க."

"பேர யாரு கேட்டா? நம்பரச் சொல்லு!"

"நம்பர் இல்லீங்க ஐயா."

"நம்பர் இல்லாம பெரட்டுக்கு வந்தியா? சரி, நாளைக்குப் பாப்போம்."

அம்மா குசினியிலிருந்து, "அப்பனும் மகளும் கூத்துக்கட்டி முடிஞ்சா சாப்பிட வாங்க" என்பார். நான் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிடுவேன். பிறகு நீங்கள் ஒற்றை விரலால் கடவுச்சொல்லை அடிப்பீர்கள், மறு கையால் மறைத்துக்கொண்டு. அந்த விரலின் நகத்துக்குள் எப்போதும் தேயிலைக் கறை.

ஆனால் அப்பா, நான் வளர்ந்துகொண்டிருந்தேன். விளையாட்டு எனக்கு முதலில் அலுத்துவிட்டது. பள்ளிக் கண்காட்சிக்கு நான் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு செயலி போட வேண்டியிருந்தது. அன்று உங்களுக்கு இரவு வேலை. ஸ்டோருக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். இரவெல்லாம் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அனுமதி இல்லை, அனுமதி இல்லை, அனுமதி இல்லை. விடிந்து நீங்கள் வந்தபோது பஸ் போய்விட்டது, கண்காட்சியும் போய்விட்டது. நீங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் கத்தினேன்.

"தொரைகிட்டப் போயி கையக் கட்டி நிக்கிறீங்க. வீட்டுக்கு வந்து என்னைய நிக்க வைக்கிறீங்க!"

பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டிருக்கும். நீங்கள் அப்படியே நின்றீர்கள். ஒரு சப்பாத்து காலில், ஒன்று கையில். "ரெண்டு நாளு பொறு புள்ள, எல்லாத்தையும் மாத்திர்றேன்" என்றீர்கள். நான் திரும்பிக்கொண்டேன். நான்காம் நாள் ஸ்டோரிலிருந்து உங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

போன கிழமை பள்ளி விட்டதும் பஸ் நிலையத்துக்குப் போகாமல் நானாவின் கடைக்குப் போனேன். அம்மாவிடம் மேலதிக வகுப்பு என்று பொய் சொன்னேன். நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, ரிப்பேருக்குத் தேவைப்படும் என்று நம் கம்ப்யூட்டரில் அவர் ஒளித்து வைத்திருந்த ஒரு கணக்கின் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

"இதால உள்ள போனாலும் அந்த ஃபோல்டர் தொறக்காது மகள். முதல்ல ஓனர மாத்தணும். உங்க அப்பாட பேர எடுத்துட்டு உங்கட பேரப் போடுங்க. அப்ப தொறக்கும்."

"பேர எடுக்காம ஏலாதா?"

"அப்பிடித்தான் அத செஞ்சிருக்காங்க."

"பொறகு திரும்ப அப்பா பேரையே போடலாமா?"

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட ஏலும்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அந்தத் துண்டு ஏழு நாட்களாக என் கொம்பாஸ் பெட்டிக்குள் இருந்தது. தினமும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அம்மாவிடம் அகப்படுவேன் என்ற பயம் பாதி. மற்றப் பாதியை யாரிடமும் சொல்ல முடியாது. காரியம் முடிந்த பிறகு நானும் அம்மாவும் தோட்டத்து ஒபீசுக்குப் போயிருந்தோம். கிளாக்கர் பெரிய புத்தகத்தைத் திருப்பி, உங்கள் வேலை நம்பரைத் தேடி, சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தார். அடிமட்டம் வைத்து நேராக இழுத்தார். அவர் வேலை அது. ஆனால் அந்தக் கோட்டை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் என்று எழுதியிருக்கும் ஒரே இடம் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதையும் நானே என் கையால் எடுக்க வேண்டுமா?

இன்றைக்கு வேறு வழியில்லை. நாளைக்கு மாமா எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

வெளியே பனி இறங்கி லயத்து வாசல் லைட்டை மூடியிருக்கிறது. பள்ளத்தில் ஸ்டோரின் காற்றாடிகள் ஓடும் சத்தம் கேட்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளும் அதே சத்தம், சின்னதாக. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது போல இருக்கிறது. எது உள்ளே, எது வெளியே என்று கண்ணை மூடினால் தெரியவில்லை.

நானா தந்த கடவுச்சொல்லால் உள்ளே போய், திரையில் உங்கள் பெயர் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் மாற்று என்பதை அமுக்கினேன். என் பெயரை அடித்தேன். உறுதியா என்று அது கேட்டது. கையை எடுத்துவிட்டேன். அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"வந்துட்டீங்களா?"

அம்மாவின் குரல். தூக்கத்தில் கரைந்த குரல். யாரைக் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு என் மூக்கிலும் அது ஏறியது. பெட்டி நன்றாகச் சூடாகிக் காம்பரா முழுவதும் ஸ்டோர் வாசனை நிறைந்திருந்தது.

நான் மூச்சுவிடவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவில் நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள் போலவும், சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறீர்கள் போலவும் இருந்தது.

"சோறு மூடி வச்சிருக்கேன்" என்றார் அம்மா. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மூச்சு மறுபடி சீரானது.

நான் ஆம் என்பதை அமுக்கினேன்.

உள்ளே பதினொரு படங்கள் இருந்தன அப்பா. வீடு ஒன்று, வீடு இரண்டு என்று வரிசையாக. மவுசைப் பிடித்து நீங்கள் வரைந்த கோடுகள், புழு ஊர்ந்தது போல. வீடு ஒன்றில் ஒரு சதுரமும் கூரையும் மட்டும். வீடு மூன்றில் குசினி வந்துவிட்டது, அதற்குள் ஒரு மேசை. வீடு ஐந்தில் அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் தையல் மெஷின். எட்டில் முன்னால் ஒரு மாதுளை மரம், வீட்டைவிடப் பெரிதாக. யாராவது பார்த்தால் தொரை பங்களா கட்டுகிறாயா என்று சிரிப்பார்கள் என்றுதான் பூட்டி வைத்தீர்களா? நான்கூடச் சிரித்திருப்பேன். நீங்கள் ஒற்றை விரலால் தட்டுவதைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்.

எல்லா வீட்டிலும் எனக்கு ஒரு காம்பரா இருந்தது. 'புள்ள காம்பரா' என்று எழுதியிருந்தது. பத்தாவது வீடு வரைக்கும் அதன் வாசலில் வளைவு வளைவாக ஒரு கோடு. திரை. நம் காம்பராவில் இருப்பது போல.

பதினொன்றாவது வீட்டின் தேதியைப் பார்த்தேன். நான் கத்திய அதே நாள். இரவு வேலை முடித்து வந்து, என் பேச்சையும் வாங்கிக்கொண்டு, தூங்காமல் உட்கார்ந்து வரைந்திருக்கிறீர்கள். அதில் திரை இல்லை. கதவு இருந்தது. மண்ணிறத்தில் நன்றாக நிரப்பிய கதவு. அதில் ஒரு பெரிய பூட்டு, காம்பராவின் உள்பக்கமாக. பக்கத்தில் சின்ன எழுத்தில்:

கேட்டுட்டுத்தான் உள்ள போகணும். நானும்.

கொப்பியை மூடிவிட்டு ரொம்ப நேரம் அழுதேன், பாவாடையை வாயில் வைத்துக்கொண்டு. இப்போது மறுபடி எழுதுகிறேன்.

பதினொரு வீட்டையும் பென் டிரைவில் ஏற்றிக் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். காலையில் மாமா வருவதற்கு முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அடித்தால் அடிக்கட்டும். ஐந்தாவது வீட்டில் தையல் மெஷின் எங்கே இருக்கிறது என்று அம்மா பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் இதைக் கொண்டுபோகச் சொன்னால் கொண்டுபோகட்டும். நான் அழமாட்டேன்.

ஒரு வேலை மீதி இருந்தது. திரும்பவும் அந்தப் பெட்டியைத் திறந்தேன். என் பெயரை எடுத்துவிட்டு, உங்கள் பெயரை உங்களைப் போலவே ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். எனக்குக் கிடைத்த அனுமதியையும் அழித்துவிட்டேன். பிறகு 'வீடு' என்பதன் மேல் அமுக்கினேன்.

இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

எத்தனை ஆத்திரத்தோடு பார்த்த வரி அது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாசனை வந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, இருட்டில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சரிங்க ஐயா" என்றேன்.