வாளியில் பொங்கிய நுரை

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா?

இங்கே நீச்சல்குளத் தண்ணீரை நான் சமையல் சோடா, வினிகர் வைத்தே சரிசெய்து வந்தேன். அதைத் தன் யோசனை என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டார் மேற்பார்வையாளர். நேற்று முதலாளி அவரிடம், "எங்கே, நீங்களே செஞ்சு காட்டுங்க" என்றார். ஒன்று அமிலத்தைக் கூட்டும், மற்றது குறைக்கும் என்பதுகூடத் தெரியாதவர், இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினார். நுரை பொங்கிச் சட்டையெல்லாம் வழிந்தது.

"சொல்லித் தொலைக்கக்கூடாதாய்யா?" என்று என்மேல் பாய்ந்தார்.

"உங்க யோசனையாச்சே சார், எனக்கென்ன தெரியும்?" என்றேன். ஆறு மாதமாக அடக்கிவைத்திருந்த பதில்.

முதலாளி என் படிப்பைக் கேட்டார். பெட்டியிலுள்ள என் வேதியியல் பட்டத்தின் நகலை அனுப்பு. கூடவே நாலு வரி எழுது, இங்கே பேச ஆளில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. நகலெடுக்க உன் அண்ணனையே அனுப்பு. என் பட்டம் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும் என்று சிரித்தவர், அதன் நகலை வரிசையில் நின்று எடுத்து வரட்டும்.