கீவ் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. கரண்ட் இல்லை. துணி காயவில்லை. இன்சீன் மார்க்கெட் போகவில்லை.

வார்டுத் தலைவர் குடையோடு வந்தார். ரஷ்யாக்காரர்கள் வந்திருக்கிறார்களாம், பர்மா பட்டாள விமானத்துக்கு ஏதோ பொருத்த. மொழிபெயர்க்க ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் போனால் கட்டாயப் பட்டாளக் குலுக்கலில் எங்கள் பிள்ளை ஜோசப் பெயர் இருக்காதாம். சிரித்துக்கொண்டே சொல்கிறார். பாவி. டீ வேறு போட்டுக் கொடுத்தேன்.

இவருக்கோ முகமெல்லாம் பல். பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த நோட்டில்தான் கொட்ட முடியும். பிள்ளைக்குத் தமிழ் பேச்சோடு சரி. இவருக்கு ரஷ்ய எழுத்து தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. லட்சணம்.

ஜூலை 9, புதன்

மழை. கோபம் அடங்கவில்லை.

அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் ரெண்டு பேருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் மேல் திடீர்ப் பாசம். அமெரிக்காக்காரன் ஓசியில் இங்கிலீஷ் வகுப்பு, ரஷ்யாக்காரன் ஓசியில் ரஷ்ய வகுப்பு. என் தம்பி இங்கிலீஷ் படி ஏறினான். இன்று சிட்னியில் வீடு. இவர் ரஷ்யப் படி. டீச்சர் கீவ் ஊர் அம்மாள், பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாளாம். கடைசியில் கீவும் ரஷ்யாவும் சேர்ந்திருந்த அந்த நாடே இல்லை என்றார்கள். வகுப்புக்குப் பூட்டு, அங்கேயே இவர் பார்த்த வேலையும் போச்சு. பகை முடிந்தது, உலகத்துக்கு நிம்மதி என்று ரேடியோவில். யாருக்கு? இவர் அன்றிலிருந்து டாக்சி.

ஜோசப் சோற்றைத் தொடவில்லை. “அமே, அப்பா போக வேணாம். அந்தக் குண்டு எவன் வீட்டுல விழும்னு உங்களுக்குத் தெரியாதா?” அம்மா என்று வராது அவன் வாயில், பர்மாக்காரப் பிள்ளைகள் மாதிரி அமேதான்.

தெரியும். தெரிந்துதான் கரண்ட் வந்ததும் இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இவர் கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ். ஒரு மணி நேரம்.

ஜூலை 10, வியாழன்

கொஞ்சம் வெயில்.

காலையில் போனவர் சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டார். ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். வாயைப் பிடுங்க வேண்டியதாயிற்று. எல்லாம் நன்றாகத்தான் போனதாம். இவ்வளவு சுத்தமாக எங்கே படித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார் ரஷ்யாக்காரர்.

“எங்க டீச்சர் கீவ்காரங்கன்னேன். கீவ் இப்ப எப்படி இருக்கு, நல்லா இருக்கான்னு கேட்டேன் மேரி. அவ்வளவுதான்.”

கடவுளே. அவர்கள் குண்டு போடுகிற ஊர். இவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாஷையில் வாயைத் திறந்தால் இவருக்கு அது இன்னும் ஒரே நாடு. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். டீயைக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போகிறாரே என்று பொருமியவளும் நான், அந்த வாயை மூடியிருக்கக் கூடாதா என்று கத்தியவளும் நான்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி மழை. வார்டு ஆபீசில் கெஞ்சினேன். தலைவர் இன்று சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குலுக்கல், ஜோசப் பெயர் உண்டு.

இவர் போனில் கீவ் செய்தி பார்க்கிறார். டீச்சர் உயிரோடு இருப்பாளா என்கிறார். என் பிள்ளை இருப்பானா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

ஜூலை 12, சனி

விடியுமுன் கிளம்பிவிட்டான். எல்லைப் பக்கம் போகிற லாரி. யாருடைய லாரி என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

கொடுத்தது: கைலி ரெண்டு, காய்ச்சல் மாத்திரை, கருவாடு வறுத்தது, ஜெபமாலை.

அவன் செருப்பு வார் பிய்ந்திருந்தது. இவர் அந்தக் கறுப்பு ஷூவைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தார். பாலிஷ் இன்னும் போகவில்லை. அளவு சரியாக இருந்தது.